மழைச் சத்தத்தில் நகர்ந்த யானை

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் பக்கத்து இருக்கையில் இருந்த என் தங்கை வாசுகியிடம், "எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்குக்கா" என்றாள். நடுவழியில் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும் இதே பதில்தான். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கண்ணால் பார்க்க வேண்டியதை எல்லாம் அடுத்தவர் வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வாசுகியை நம்பினால் உலகம் முழுக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் நான் ஆட்டத்துக்கு வெளியூர் போகும்போதெல்லாம் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறவள் அவள் ஒருத்திதான்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வயது நாற்பத்திரண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து செஸ் ஆடுகிறேன். பார்வையற்றவர்களுக்கான போட்டி ஒன்று இந்த முறை அந்தமானில் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. முதலிடம் வருகிறவருக்கு வெளிநாடு போகும் அணியில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை இரண்டு முறை அரைப் புள்ளியில் விட்டிருக்கிறேன். மூன்றாவது முறை விடுவதாக இல்லை.

விமானத்தில் ஊரின் புதுப் பெயரைச் சொன்னார்கள். ஆட்டோக்காரர் போர்ட் பிளேர் என்றே சொன்னார். வங்காளிக்காரர். வாசுகியிடம் கேட்காமல் அவரிடமே கேட்டேன், ரோடு எப்படி இருக்கிறது என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில்தான். "மேடு, பள்ளம், மறுபடி மேடு, அதன் முடிவில் கடல். எந்தப் பக்கம் போனாலும் இப்படித்தான்" என்றார். ஒரு வரியில் ஊர் பிடிபட்டுவிட்டது. அதற்கேற்ற மாதிரி ஆட்டோ மேட்டில் முனகும், இறக்கத்தில் சிரிக்கும். காற்றில் உப்பும் ஈர மரமும் டீசலும் கலந்த வாசனை.

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கொஞ்சம் படுத்து எழுந்தபோது, "அக்கா, இருட்டிடுச்சு" என்றாள் வாசுகி. என் பேசும் கைக்கடிகாரத்தை அழுத்தினேன். ஐந்தரை என்றது. திருச்சியில் அந்த நேரத்துக்கு வெயில் இன்னும் கன்னத்தில் சுடும். இங்கே சூரியனுக்கு ஒரு நேரம், கடிகாரத்துக்கு ஒரு நேரம். மறுநாள் காலை நாலரைக்கே மைனாக்கள் கத்தி எழுப்பிவிட்டன. வாசுகி அவற்றைத் திட்டினாள். நான் எழுந்து உட்கார்ந்து இரண்டு ஆட்டங்களை மனதுக்குள் ஆடிப் பார்த்தேன்.

போட்டி நடந்த இடம் மரைன் ஹில்லில் ஒரு சமுதாயக் கூடம். அங்கே போக டவுன் பஸ் ஏறினோம். தப்பான பஸ். அது தெரிவதற்குள் மூன்று மேடு ஏறி இறங்கியாகிவிட்டது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஹிந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்கள் போல.

"பாவம், கண்ணு தெரியாதவளை இந்த வெயில்ல எங்க கூட்டிட்டுப் போறா பாரு."

"ஆஸ்பத்திரிக்கா இருக்கும்."

"செஸ் விளையாடப் போறேன்" என்று ஹிந்தியிலேயே சொன்னேன்.

அவர்களில் ஒருத்தி திரும்பி, "ஜெயிப்பியா?" என்று கேட்டாள். "அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவள் கண்டக்டரை அதட்டி, பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் எங்களைத் தானே ஏற்றிவிட்டுப் போனாள். இறங்கும்போது என் கையில் ஒரு பொட்டலம். உள்ளே சூடாக சிங்காடா. நம் சமோசாதான், ஆனால் உருளைக்கிழங்கோடு வேர்க்கடலையும் சேர்த்திருந்தார்கள். முதல் சுற்றை நான் சிங்காடா வாசனையுள்ள விரல்களோடுதான் ஆடினேன்.

எங்கள் செஸ் எப்படி என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு பலகை. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கும். எல்லாக் கட்டத்திலும் ஒரு துளை, காய்களின் அடியில் ஆணி. கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சின்ன முள் இருக்கும். ஒருவர் காயை நகர்த்திவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி, தன் பலகையிலும் அதே காயை நகர்த்த வேண்டும். ஏ, பி, சி, டி எல்லாம் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் அன்னா, பெல்லா, சீசர், டேவிட் என்று எட்டு வரிசைக்கும் எட்டுப் பெயர். ஆக, ஆட்டம் நடப்பது பலகையில் பாதி, காதில் பாதி.

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் கிசுகிசுத்தாலும் பெயரைச் சொல்லி எழுப்புவேன்.

முதல் நாள் இரண்டு ஆட்டம், இரண்டிலும் ஜெயித்தேன். சாயங்காலம் அபர்டீன் பஜாரில் ஒரு தமிழ் மெஸ்ஸைத் தேடிப் போனோம். கல்லாவில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர். "மெயின்லேண்டுல எங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே பார்த்து, "பையா, தோ மச்சி சாப்பாடு!" என்று இரண்டு மீன் சாப்பாட்டுக்குக் கூவினார். சுர்மாய் வறுவல் தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நாம் வஞ்சிரம் என்கிறோம். திருச்சியில் ஐஸ் பெட்டியிலிருந்து வரும் வஞ்சிரத்துக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. வாசுகி அன்றைக்கு முதல்முறையாக, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டின்போதுதான் எட்வினைச் சந்தித்தேன். கூடத்தின் பின்பக்கம் ஒரு நீள பெஞ்சு. அதன் மறுமுனையில் ஒரு ஆண் குரல் யாரிடமோ பஸ் இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிந்தது.

"திக்லிபூர்லருந்து வாறோம் மேடம்" என்றார் என்னிடம். "விடியமுந்தி பஸ் ஏறுனா பொழுது சாயத்தான் இங்க எறக்குவான். நடுவுல பஸ்ஸே படகுல ஏறி எறங்கும். ஏறுனதுமே கண்டக்டர்ட்ட சொன்னேன், உன் வண்டில ஒரு இன்ஜெக்டர் சரியில்ல, சத்தம் கேக்கு பாருன்னு. அந்தா உக்காரு சாச்சான்னுட்டான். பாதி வழில நின்னுட்டு!"

"ரெண்டு மணி நேரம் ரோட்டுல நின்னோம்" என்றது பக்கத்தில் ஒரு பெண் குரல். அவர் மனைவி ரோஸ்லின். "கடைசில இவரத்தான் எறக்கிக் கூட்டிட்டுப் போயி இன்ஜின்கிட்ட நிப்பாட்டுனாங்க."

எட்வினின் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கியவர். எட்வின் கடலுக்குப் போகவில்லை, படகு இன்ஜின் மெக்கானிக் ஆனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயிற்று. அதற்கு முன்பே செஸ் ஆடுவார், பட்டறையில் வேலை இல்லாத நேரத்தில், பார்த்து ஆடும் செஸ். மறுபடி ஆட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறதாம்.

"பிரெயில் படிச்சீங்களா?"

"விரல் காய்ச்சுப் போயிருக்கு மேடம். புள்ளியெல்லாம் ஒண்ணும் தெரியல. மூவெல்லாம் இதுலதான்" என்று என் கையில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்தார். பிரெயில் தெரியாதவர்கள் தங்கள் நகர்த்தல்களை இப்படிக் குரலில் பதிந்துகொள்ளலாம். விதியில் இடமுண்டு. நான் பிரெயில் தாளில் குத்திக்கொள்வேன்.

ரோஸ்லின் தன் டப்பாவிலிருந்து எனக்கும் வாசுகிக்கும் மீன் குழம்பு ஊற்றினார். புளி குறைவு, தேங்காய் அதிகம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த ஆள் அதுவரை ஆடிய மூன்றிலும் ஜெயித்திருந்தார்.

மூன்றாம் நாள் காலைச் சுற்றும் முடிந்தது. எட்வின் ஐந்துக்கு ஐந்து. நான் நாலரை, ஹைதராபாத்காரர் ஒருவரோடு ஒரு ஆட்டம் சமன் ஆகியிருந்தது. கடைசிச் சுற்றில் எனக்கும் எட்வினுக்கும் ஆட்டம். அவருக்குச் சமன் போதும். எனக்கு ஜெயித்தே ஆக வேண்டும்.

உட்கார்ந்ததும் எட்வின் கேட்டார். "மேடம், நம்பர் மட்டும் ஹிந்தில சொல்லட்டுமா? ஸ்பானர் சைஸெல்லாம் ஹிந்தில சொல்லிச் சொல்லி எனக்கு நம்பர்னாலே அதுதான் வாயில வருது."

"எந்த பாஷைல வேணா சொல்லுங்க. என் காது வாங்கிக்கும்" என்றேன். நடுவர் ராவும் சம்மதித்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தெலுங்குக்காரர், எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார்.

எனக்கு வெள்ளை. இருபது நகர்த்தல் வரை இரண்டு பக்கமும் சரிசமம். பிறகு மழை வந்தது.

திருச்சியில் மழை என்றால் முதலில் மண் வாசனை வரும், தூறல் வரும், அப்புறம்தான் மழை. இங்கே அந்த மரியாதை எல்லாம் இல்லை. தகரக் கூரைமேல் லாரி லாரியாக ஜல்லி கொட்டியது போல ஒரே அடியாக விழுந்தது. பார்க்க முடிகிறவர்களுக்கு அது சத்தம், அவ்வளவுதான். எங்களுக்கு விளக்கை அணைத்த மாதிரி. கூடத்தில் அத்தனை பலகையிலும் ஆட்டம் நின்றுவிட்டது. ராவ் ஓடி ஓடிக் கடிகாரங்களை நிறுத்தினார். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மழை கொஞ்சம் தணிந்ததும் எல்லோரும் ஆடலாம் என்றோம். இரண்டு நகர்த்தல் போயிற்று. மறுபடி கூரை இரைய ஆரம்பித்த நேரத்தில் எட்வின் குனிந்து சொன்னார், "யானை, டேவிட் சார்."

டேவிட் வரிசையில் நாலாவது கட்டம். ஹிந்தியில் சார் என்றால் நாலு. "யானை டேவிட் சார்" என்று நான் திருப்பிச் சொன்னேன். அவர் "ஆமா" என்றார். தாளில் குத்தினேன், யானையை நகர்த்தினேன், அப்புறம்தான் ஆச்சரியப்பட்டேன். அந்த யானை ஏழாவது கட்டத்துக்கு வந்து அவருடைய பிஷப்பைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ அதை நடுப்பலகைக்கு அனுப்பிவிட்டு பிஷப்பை அநாதையாக விட்டுவிட்டார். மனிதருக்குக் களைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். குதிரையை விலக்கி என் ராணிக்கு வழி திறந்தேன். அவர் சாவகாசமாக ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அதற்குள் மழை விட்டிருந்தது.

"ராணி, பெல்லா ஏழு. பிஷப்பை எடுத்துட்டேன்."

"என்ன மேடம், எங்க பிஷப் மேலயே கை வக்கிறீங்க? சர்ச்சுல பூசைக்கு ஆள் வேணும்லா" என்று சிரித்தார். "யானை, பெல்லா சாத். ராணிய வெட்டியாச்சு."

"எந்த யானை?"

"டேவிட் சாத்ல இருக்குற யானை."

"அது டேவிட் நாலுல இருக்கு எட்வின்."

"இல்ல மேடம். ஏழு. சாத்துன்னுதான சொன்னேன்?"

சார், சாத். நாலு, ஏழு. கடைசி எழுத்தைக் கூரை விழுங்கியிருந்தது. அவர் சொன்னதில் நான் கேட்டது ஒன்று, நான் திருப்பிச் சொன்னதில் அவர் கேட்டது இன்னொன்று. இரண்டு பலகையில் இரண்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கையைத் தூக்கினேன். ராவ் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டு பேரின் பதிவையும் ஒப்பிட்டு, எதுவரை ஒத்துப்போகிறதோ அங்கிருந்து தொடர வேண்டும். இதுதான் விதி. என் பிரெயில் தாளில் நாலு என்று சந்தேகம் இல்லாமல் இருந்தது. எட்வினின் ரெக்கார்டரை ராவ் காதோடு வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். கூட ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் கேட்க வைத்தார்.

"இதில் மழைதான் இருக்கிறது" என்றார் ராவ். "மேடம், உங்கள் தாள் தெளிவாக இருக்கிறது. இவருக்குப் பதிவு இல்லை. தாளில் இருப்பதைத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும்."

அப்படி எடுத்துக்கொண்டால் ஒரு பிஷப் எனக்கு லாபம். ஆட்டம் என்னுடையது, அணியில் இடமும் என்னுடையது. எட்வின் காய்களைத் தடவும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் தப்பாக எதையும் எழுதவில்லை. கேட்டதை எழுதினேன். நடுவரே சொல்லிவிட்டார். பேசாமல் இருந்தால் போதும். பேசாமல்தான் இருந்தேன், ஒரு நிமிஷம் இருக்கும். ஆனால் அந்த ரெக்கார்டரில் மழை மட்டும்தான் இருக்கிறது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு மனிதர் வாயருகே வைத்துப் பேசியிருக்கிறார். அது எப்படி இல்லாமல் போகும்? உண்மையைச் சொன்னால், அப்போது என்னை உந்தியது நேர்மை இல்லை, காதின் வீம்புதான்.

"அதை நான் கேக்கலாமா? இயர்போன் வேணும்" என்றேன்.

முதல் தடவை மழை. இரண்டாம் தடவை, மழைக்கு அடியில் என் குரல் கிடைத்தது. நம் குரலைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கு இரண்டு மூச்சு முன்னால் அவர் குரல் இருக்க வேண்டும். மூன்றாம் தடவை அங்கேயே காதை வைத்துக் காத்திருந்தேன். 'யானை' வரவில்லை. 'டேவிட்' பாதி வந்தது. நான்காம் தடவை கடைசிச் சொல் வந்தது. சார் என்றால் ஓசை நாக்கில் கொஞ்சம் உருண்டு ஓய வேண்டும். இது உருளவில்லை. பல்லில் இடித்து டக்கென்று நின்றது.

ஐந்தாம் தடவையும் கேட்டேன், தப்பாக இருக்கக் கூடாதா என்ற ஆசையில்தான். தப்பில்லை.

இயர்போனைக் கழற்றினேன். எனக்கு இன்னும் பேசாமல் இருக்க வசதி இருந்தது. அந்தக் கூடத்தில் வேறு யாராலும் அதைக் கேட்டிருக்க முடியாது.

"ஏழுதான். சாத்துன்னுதான் சொல்லியிருக்கார்" என்றேன்.

ராவ், "நிச்சயமாகவா?" என்றார். நிச்சயம் என்றேன்.

எட்வின் ரெக்கார்டரை வாங்கித் தானும் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "எனக்கே கேக்கலியே மேடம். என் காது இன்ஜின் காது, பேச்சுக்கு இன்னும் பழகல. ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். நெஜமாவே கேட்டுச்சா, இல்ல கண்ணு போனவன், பாவம்னு சொல்றீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கென்ன கண்ணு இருக்கா எட்வின், உங்களப் பார்த்துப் பாவப்பட? கேட்டுச்சு, சொன்னேன். காயை எடுத்து வைங்க. இன்னும் உங்கள ஜெயிக்கத்தான் போறேன்."

அவர் சிரித்தார். "வாங்க மேடம்" என்றார்.

ராவ் இரண்டு பலகையிலும் யானையை டேவிட் ஏழில் வைத்து, ஆட்டத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து கடிகாரத்தைத் திருத்தினார். அதற்குப் பிறகு ஆடினோமே, அது ஆட்டம். ஒரு நகர்த்தலில்கூட நான் கை தளர்த்தவில்லை, அவரும்தான். முப்பது தாண்டியதும் ஒரு சிப்பாய் எனக்கு அதிகம் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அவரை நெருக்கினேன். மற்ற பலகையெல்லாம் முடிந்து ஆட்கள் எங்களைச் சுற்றி நிற்பது மூச்சுக் காற்றில் தெரிந்தது. எட்வின் தன் யானையால் என் சிப்பாயைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. கடைசியில் யானைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, என் சிப்பாயும் விழுந்தது. இரண்டு ராஜா மட்டும் மிச்சம்.

கையை நீட்டினேன். அவர் கை என் கையைத் தேடி, பலகையில் இடித்து, வந்து சேர்ந்தது. காய்ச்சுப்போன, பெரிய கை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோஸ்லின் வந்தார். "கியா ஹுவா? என்ன ஆச்சு?"

"டிரா" என்றார் எட்வின்.

"போச்சா?" என்றது ரோஸ்லினின் குரல்.

"போகலங்க, உங்க வீட்டுக்காரர்தான் சாம்பியன்" என்றேன். ரோஸ்லின் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என் காதுக்கே தெரியவில்லை. "வீட்டு வாசல் தாண்டி தனியா ஒரு அடி வைக்க மாட்டாரு மேடம் இவரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது முறையும் அரைப் புள்ளி. டீ கொடுத்தார்கள், குடித்தேன், இனிப்பே தெரியவில்லை. வாசுகி என் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரிசளிப்பு தொடங்கியது. எட்வினின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ரோஸ்லினின் சேலை சரசரத்தது, கையைப் பிடித்துக் கூட்டிப்போக எழுந்திருக்கிறார். "நீ உக்காரு" என்றார் எட்வின். பிறகு அவர் செருப்புச் சத்தம் தனியாகப் போயிற்று. ஒரு நாற்காலியில் இடித்தது, நின்றது, அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மேடையின் பலகைப் படி ஒன்று கிறீச்சிட்டது, அடுத்ததும். கைதட்டல் கூரையில் மோதியது. நானும் தட்டினேன், மனசாரத்தான்.

கோப்பையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதை ரோஸ்லின் மடியில் தள்ளிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மேடம், முப்பத்தெட்டாவது மூவ்ல சிப்பாயத் தள்ளுனீங்கள்லா? தள்ளாம ராஜாவ முன்னால கொண்டாந்திருந்தா?"

"உங்க யானை செக் வைக்குமே."

"வச்சா? ராஜா ஈவா பாஞ்ச். அப்புறம் செக் கிடையாது. நான் அப்பவே பயந்துட்டுதான் இருந்தேன். நீங்க தள்ளுனதும்தான் மூச்சே வந்துச்சு."

மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். ராஜா ஈவா ஐந்து. ஆமாம், அதற்கப்புறம் செக் கிடையாது. ஜெயித்திருக்கலாம், அழகாக ஜெயித்திருக்கலாம். மடியில் இருந்த பலகையைத் திறந்து காய்களைக் குத்த ஆரம்பித்தேன். அவர் கையும் பலகைக்கு வந்தது. யானை இங்கே, சிப்பாய் அங்கே, இல்லை, ஒரு கட்டம் தள்ளி. மேடையில் யாரோ மைக்கில் என்னவோ முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசுகி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, ரெண்டாவது பரிசு. உன் பேரை மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. காது கேக்கல?"

"இருடி" என்றேன். "இப்பதான் ராஜா முன்னால வந்திருக்கு."